ஏழு பெயர் கொண்ட நாய்



வேலை முடிந்து வந்து, குளித்து, அடுப்பில் உலை ஏற்றிவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருப்பீர்கள். இந்நேரத்தில் உங்கள் வாசற்படியில் ஒரு நாய் படுத்திருக்கக் கூடும். அது உங்கள் நாயாக இருக்கலாம். யாருடையதும் அல்லாத நாயாகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது வகை நாயைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறோம். கல்விப் பேச்சில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த பாடங்களுள் பல மறந்துவிட்டன. இந்த நாய் கற்பித்தது மறக்கவில்லை.

நாம் அப்போது பணிபுரிந்த பள்ளி கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தது. பெரும்பகுதி செம்பனை, ஆற்றோரமாய் மட்டும் கொஞ்சம் ரப்பர் மரங்கள். இரண்டு வரிசை லயங்கள். நடுவே ஒரு கால்வாய். அங்கேதான் அந்த நாய் இருந்தது. செம்மண் நிறம், மடிந்த இடது காது, வால் நுனியில் மட்டும் ஒரு பிடி வெள்ளை. மேல் லயத்து முதல் வீட்டில் அதன் பெயர் டைகர். அடுத்த வீட்டில் ராஜா. மண்டோர் வீட்டில் ஜிம்மி. ஆயாக்கொட்டகை ஆயாவுக்கு அது செவலை. கோயில் பூசாரி வைரவன் என்பார். சாலையோரத்துச் சீனர் கடைத் தௌக்கே ஆ வோங் என்று கூப்பிட்டு எலும்பு போடுவார். காலையில் பள்ளிக் கூட்டம் நடக்கும்போது தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். அதனால் நம் மாணவர்கள் வைத்த பெயர் 'தலைமையாசிரியர்'. தலைமையாசிரியர் காதில் விழாமல்தான் அழைப்பார்கள்.

ஏழு பெயருக்கும் ஒரே வால்தான் ஆடும். கீழ் லயத்துக் கடைசி வீட்டில் தனியே இருந்த பாட்டி மட்டும் அதற்குப் பெயரே வைக்கவில்லை. "போ, சனியனே!" என்பார். ஐம்பது ஆண்டு பால்வெட்டிய கை அது. விளக்குமாறு அந்தக் கையில் பார்ப்பதற்கே பயமாக இருக்கும். ஆனால் இரவில் அது படுத்துறங்கியது என்னவோ அந்தப் பாட்டியின் திண்ணையில்தான்.

ஒரு நாய் எப்படி இப்படி ஊருக்கே சொந்தமாகிறது? நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாதது என்கிறார்கள் அறிஞர்கள். நெல் விளைவிப்பதற்கு முன்பே, மாடு பழக்குவதற்கு முன்பே, ஓநாய் இனத்திலிருந்து பிரிந்து மனிதனின் நெருப்பருகே வந்து படுத்த விலங்கு அது. ஆயினும் பிறக்கும்போதே எந்த நாயும் மனிதனுக்கு நண்பனாகப் பிறப்பதில்லை. குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கண்ணும் திறப்பதில்லை, காதும் திறப்பதில்லை. அதன்பின் மூன்றாம் வாரம் தொடங்கி ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையில் ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் பல்லாண்டு நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: அந்தப் பருவத்தில் மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டி, பிற்பாடு எவ்வளவு சோறு போட்டாலும் மனிதரைக் கண்டு மிரளும், அந்தப் பருவத்தில் மனிதரோடு பழகிய குட்டியோ வாழ்நாள் முழுதும் நம்மைத் தன் இனத்தாராகவே எண்ணும்.

நம் செவலை பிறந்தது ஆயாக்கொட்டகையின் பலகைத் தரைக்கு அடியில். மேலே தொட்டிலில் தோட்டத்துக் குழந்தைகள், கீழே அது. குழந்தைகளின் அழுகையும் சிரிப்பும் கேட்டு, அவர்கள் சிந்திய கஞ்சியை நக்கி வளர்ந்தது. பிறகு ஏன் அது குழந்தைகளை நேசிக்காது? ஒரு சில வாரம் கிடைத்த கனிவு ஓர் ஆயுளுக்குப் போதுமானதாக இருந்தது. முதலாம் ஆண்டு வகுப்பில் நாம் சாக்குக்கட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வருவதுண்டு.

விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது அது அங்கே இருக்கும். கடிகாரம் தெரிந்தல்ல. லாரியின் உறுமல், அடுப்புப் புகை, வாளிகள் உரசும் ஓசை, இவைதான் அதற்குக் கடிகாரம். பால்வெட்டுக்குப் போகும் பெண்களோடு ஆற்றோரம் வரை நடக்கும். இருட்டில் புதருக்குள் பன்றி இருந்தாலும் பாம்பு இருந்தாலும் அதற்கு முதலில் தெரிந்துவிடும். நம் மூக்கில் மணத்தை அறியும் அணுக்கள் ஐம்பது, அறுபது இலட்சம் என்றால் நாயின் மூக்கில் பத்துக் கோடிக்கும் மேல். நாம் கண்ணால் படிக்கும் செய்தித்தாளை அது மூக்கால் படிக்கிறது என்று சொல்லலாம். நேற்று இந்த வழியே யார் போனார், எந்தத் திசையில் போனார் என்பதெல்லாம் அதற்குப் புல்லில் எழுதியிருக்கும்.

அந்த ஆண்டுகளில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோயில் திருவிழாக் கணக்கில் வந்த வம்பு. எவ்வளவு வெள்ளி என்பதுகூட இப்போது எவருக்கும் நினைவிருக்காது. மேல் லயத்துக் குழந்தை கால்வாயைத் தாண்டினால் தாய் கூப்பிட்டு அடிப்பாள். அந்தக் கால்வாயை ஒரு நாளைக்கு இருபது தடவை தாண்டியது அந்த நாய் மட்டும்தான். மேலே சோறு, கீழே குழம்பு. இரண்டு பக்கத்துக்கும் அது பொது என்பதால், "டைகரைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும் சாக்கில் சில பெண்கள் மீண்டும் பேசத் தொடங்கினார்கள். நாம் ஆசிரியர் என்ற முறையில் இரு தரப்பையும் அழைத்துப் பேசி ஒன்றும் ஆகாமல் போனதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கண்டோம். சம்பள நாள் இரவில் சம்சு வாடையோடு ஆட்கள் திரும்பும்போது நாய் சில வீட்டு வாசலிலிருந்து எழுந்து போய்விடும். எல்லா வீட்டிலிருந்தும் அல்ல. குறிப்பாக மூன்று நான்கு வீடுகள். கால் உதை எங்கே விழும், எங்கே விழாது என்பது அதற்குத் தெரியும். மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் யார் யார் என்று நாம் கவனித்தோம். அந்த மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகளேதாம். ஆண்டுக்கணக்கில் அவர்களைச் சோம்பேறிகள் என்று பதிவேட்டில் எழுதிய கை நம்முடையது.

நாலடியார் என்னும் பழைய நூலில் நட்பைச் சொல்ல வந்த புலவர் யானையையும் நாயையும் எடுத்துக் காட்டுகிறார். யானை பல நாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலை ஆட்டும். ஆகவே நாய் போன்றவரின் நட்பைத் தேடிக்கொள் என்பது கருத்து. வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். நாயின் பொறுமையைப் பாராட்டியதோடு சரி, வேலை எறிந்தவனை ஏன் எறிந்தாய் என்று நாமும் கேட்டதில்லை, உரை எழுதியவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் தெரிந்தது.

மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு சிறுவன். அந்த நாயின் மேல் அவனுக்கு இருந்த பாசம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. தன் பங்கு ரொட்டியில் பாதியை அதற்குக் கொடுப்பவன். ஒரு நாள் நாய் பள்ளிக்கு வரவில்லை. இடைவேளையில் தேடிப் போனவன், கால்வாய்ப் பாலத்தின் அடியில் அது சுருண்டு கிடப்பதைக் கண்டு ஆசையாய் ஓடிக் கட்டிப்பிடித்தான். நாய் கடித்துவிட்டது. முன்கையில் நான்கு பல் பதிந்து இரத்தம்.

செய்தி பரவுமுன்பே அவன் தகப்பனார் கையில் மண்வெட்டி. "பிள்ளையைக் கடிச்ச நாய உயிரோட விடுறதா?" என்று கூட்டம். நேற்று வரை டைகர் என்றவர்களும் ராஜா என்றவர்களும் அன்று 'அந்த நாய்' என்றார்கள்.

பிறகு சிறுவனை உட்கார வைத்து நிதானமாய்க் கேட்டோம். அவன் சொன்னது பாடநூலில் எழுதத் தக்கது. "மொதல்ல மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு சார். அப்புறம் வாயை நக்கிக்கிச்சு. கொட்டாவி விட்டுச்சு. தூக்கம் வருதுன்னு நெனச்சேன். அப்புறம் உர்ருன்னுச்சு. வெளையாடுதுன்னு நெனச்சேன்." நேயர்களே, நாய் அந்தப் பிள்ளையிடம் நான்கு தடவை சொல்லியிருக்கிறது. முகத்தைத் திருப்புவது, உணவு எதுவும் இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உடம்பை விறைப்பாக்கிக்கொள்வது, இவையெல்லாம் 'என்னை விட்டுவிடு' என்று நாய் தன் மொழியில் கூறுவது. உறுமுவது அதையே உரக்கக் கூறுவது. கடிப்பது கடைசிச் சொல். வால் ஆடினால் நட்பு என்பதும் முழு உண்மை அல்ல. உடம்பு தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடினால் மகிழ்ச்சி. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வேகமாக நடுங்கினால் விலகி நிற்பதே நலம். உறுமும் நாயை அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் அது உறுமுவதை விட்டுவிடும்; கடிப்பதை விடாது. அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும்.

குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் முன்பின் தெரியாத நாய்கள் அல்ல, பழகிய நாய்களே. தெரிந்த நாய்தானே என்று உண்ணும்போதும் உறங்கும்போதும் நோயுற்றபோதும் போய்த் தொடுவதால் வருவது அது. மாலையில் பார்த்தபோது அதன் முன்னங்காலில் ஒரு செம்பனை முள் விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கியிருந்தது.

ஆனால் காலையில் நமக்கு முள்ளைப் பற்றி நினைக்க நேரமில்லை. அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியிருந்தது. ரேபிஸ் என்னும் இந்நோயைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கும் கிருமி, கடிவாய் வழியே நுழைந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. ஏறி முடிக்க வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூளையைத் தொட்டு நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அது வழியில் இருக்கும்போதே தடுப்பூசி முந்திக்கொண்டால் உயிர் தப்பும். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி, ஜோசப் மேய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். அந்தச் சிறுவன் பிழைத்தான்.

நம் சிறுவனைக் கண்டபோது அவன் கையில் காப்பித்தூள் அப்பியிருந்தது. யாரோ சுண்ணாம்பு தேடி ஓடியிருந்தார்கள். இரண்டும் கூடாது. குழாயடிக்கு இழுத்துப் போய் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினோம். பையன் கதறினான், விடவில்லை. சவர்க்காரமும் நீரும் காயத்திலுள்ள கிருமியின் பெரும்பகுதியை அங்கேயே அழித்துவிடும். காசில்லாத வைத்தியம் அது. முதல் வைத்தியமும் அதுவே. பிறகு உடனே மருத்துவமனை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் இன்னமும் பயமுறுத்துகிறார்கள். அது அந்தக் காலம். இப்போது நான்கைந்து தவணை, அதுவும் கையில். தவணை தவறாமல் போட வேண்டும் என்பதே முக்கியம். 2017ஆம் ஆண்டு முதல் சரவாக் மாநிலத்தில் இந்நோயால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். சின்னக் கீறல்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் கால்நடைத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். மலாய்க்காரர், இளைஞர், மிகப் பொறுமையானவர். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பது மருத்துவ வழக்கம். கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயுற்று இறந்துபோகும். நலமாக இருந்தால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை. "இந்த நாயின் உரிமையாளர் யார்? அவர் பொறுப்பேற்றால் இங்கேயே வைத்துக் கவனிக்கலாம். யாருமில்லை என்றால் நாங்கள் கொண்டுபோக வேண்டியதுதான்" என்றார். கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படிவத்தை எடுத்தார். உரிமையாளர் பெயர் என்று ஓர் இடம். இரண்டு லயத்து மக்களும் நின்றிருந்தார்கள். டைகர் என்றவர் மண்ணைப் பார்த்தார். ராஜா என்றவர், தமக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார். மண்டோர், தோட்டத்து நிர்வாகம் என்ன சொல்லுமோ என்றார். பூசாரி, அது கோயில் நாய் இல்லையே என்றார். எல்லாம் நியாயமான காரணங்களே. நமக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆசிரியர் விடுதியில் நாய் வளர்க்க அனுமதி கேட்க வேண்டும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் தெரியும். ஏழு பெயர் வைத்தோம். ஒரு பெயர் எழுதக் கை வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படிவத்தின் வெள்ளை இடம் நம் கண் முன்னால் நிற்கிறது.

கூட்டத்தின் பின்னாலிருந்து விளக்குமாற்றோடு வந்தார் பாட்டி. "என்னாய்யா கேக்குறாரு?" என்றார். சொன்னோம்.

"அவ்வளவுதானே? என் திண்ணையிலதான படுக்குது சனியன். என் பேரைப் போடச் சொல்லு."

அதிகாரி, "மாச்சிக், பத்து நாளும் கட்டித்தான் வைக்க வேண்டும், யாரையும் நெருங்க விடக்கூடாது, முடியுமா?" என்று மலாயில் கேட்டார். பாட்டியின் மலாய் நம்முடையதைவிட நன்றாகவே இருந்தது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஒரு நாய் பெரிதா என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்துவிட்டார். அடுத்து, நாயின் பெயர் என்ன என்று அவர் கேட்க, ஏழு வீட்டாரும் வாய் திறக்குமுன் பாட்டி சொல்லிவிட்டார். அவரும் எழுதிவிட்டார். அரசாங்கப் படிவத்தில் அதன் பெயர் இன்றும் 'சனியன்' என்றே இருக்கும்.

பழைய கோழிக்கூண்டு ஒன்றை இரவோடிரவாகச் சீராக்கினார்கள். முள்ளை எடுத்தவர் அதிகாரியோடு வந்த உதவியாளர். பத்து நாளும் பாட்டி ஒரு நீளக் கம்பால் தட்டைத் தள்ளித் தள்ளிச் சோறு வைத்தார். நோயில்லை. பதினோராம் நாள் தடுப்பூசி போட்டு, கழுத்தில் பட்டை மாட்டினார்கள்.

அதன்பின் நாயின் வாழ்க்கையும் மாறியது. கண்டபடி திரிய விடுவதில்லை. தோட்டத்தின் மலாய்க்காரக் கிராணி வீட்டார் நாயைத் தொடமாட்டார்கள். அதன் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். முன்பெல்லாம் நாய் அவர்கள் வாசலில் போய் நின்று வாலாட்டும். அவர்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்வார்கள், நம்மிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது எத்தனை ஆண்டு தொல்லை என்பது, கட்டிவைத்த பிறகு கிராணியின் மனைவி பாட்டிக்கு ஒரு தட்டு ஹரிராயா பலகாரம் அனுப்பியபோதுதான் நமக்கு விளங்கியது. நாய் பிரியம் நமக்கு. அந்தப் பிரியத்தின் சுமை அடுத்த வீட்டாருக்கு. பட்டணத்திலிருந்து காரில் வந்து செம்பனைக் காட்டில் குட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் தங்களை நாய்ப் பிரியர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ.

கடிபட்ட சிறுவன் எல்லாத் தவணை ஊசியும் போட்டுக்கொண்டான். இரண்டு மாதம் கீழ் லயத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மாலை, திண்ணைக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டாமல் காத்திருந்தான். நாய் அவனைப் பார்த்தது, முகத்தைத் திருப்பியது. அவன் எழுந்து போய்விட்டான். மறுநாளும் வந்தான். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ நாய் தானே எழுந்து வந்து அவன் முழங்காலில் மோப்பம் பிடித்தது. அது வரும் வரையில் அவன் கையைத் தூக்கவே இல்லை என்று பாட்டி நம்மிடம் சொன்னார்.

தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியது. 2016ஆம் ஆண்டு கால்நடைத் துறையினர் வரும் நாளை நாம் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். அன்று காலை மணியடிக்கு முன்பே பாட்டி வந்துவிட்டார். ஒரு கையில் பழைய சேலைக் கிழிசலால் திரித்த கயிறு. அதன் நுனியில் சனியன். மறு கையில் சுருக்குப்பை. அதிலிருந்து நான்காய் மடித்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து நீவிவிட்டு, "வாத்தியாரே, இந்த வருசம் எங்க கைநாட்டு வைக்கணும்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால், டைகர் என்றழைத்த வீட்டுக்காரர் இரண்டு புதிய குட்டிகளோடு வரிசையில் நின்றிருந்தார். நாம் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினோம்.